தாய் சேய் நலப் பாடம்: சின்னப் பிள்ளையின் சிறுநீரைச் சோதனைக்கு எடுப்பது எப்படி?



இந்தத் தடவை நாம் படிக்கப்போகும் விஷயம் சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம், சிலருக்குச் சிரிப்பாகவும் இருக்கலாம். டொக்டர் கேட்டால் பிள்ளையின் மூத்திரத்தைப் போத்தலில் பிடித்துக் கொடுப்பது எப்படி என்பதுதான் விஷயம். "இதெல்லாம் ஒரு பாடமாங்க ஐயா?" என்று பிரட்டுக்களத்தில் ஒரு கங்காணி எங்களைக் கேட்டார். பாடம்தான். அது தெரியாமல் போனதால் நம் தோட்டத்தில் ஒரு பிள்ளை பட்ட பாட்டை முதலில் சொல்கிறோம்.

நடந்த கதை

மேல் டிவிசனில் கொழுந்தெடுக்கும் ஒரு தாய். பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது. மூன்று மாதத்தில் மூன்று தடவை காய்ச்சல் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றோட்டமும் இல்லை. "பல்லு மொளைக்குது, அந்தக் காச்சல்தான்" என்றார் அப்பாயி. பனடோல் பாணி கொடுத்தார்கள். கோயிலில் கயிறும் கட்டினார்கள். காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் இறங்கியது, பிறகு திரும்பி வந்தது.

நாலாம் தடவை காய்ச்சலோடு வாந்தியும் சேர்ந்துகொண்டது. நாங்கள்தான் வாகனம் பேசி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தோம். அங்கே சிறுநீர்ச் சோதனைக்கு எழுதி, ஒரு சின்னப் போத்தலைக் கையில் கொடுத்தார்கள். அந்தத் தாய் பகல் வரைக்கும் போத்தலோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளை மூன்று தடவை போனது. மூன்று தடவையும் துணியிலேயே போனது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் நனைந்த துணியைப் போத்தலுக்குள் பிழிந்து கொடுத்துவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் ரிப்போட் எடுக்கப் போனபோது, "பல வகைக் கிருமி கலந்திருக்கு, இதை வச்சு ஒன்னும் சொல்ல முடியாது, திரும்ப எடுத்துக் கொண்டு வாங்க" என்றார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் போய்விட்டது. மூன்றாவது பேரையும் விட வீட்டில் சம்மதமில்லை. காய்ச்சலும் விட்டுவிட்டதால் மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் பிள்ளைக்கு நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல். இந்தத் தடவை வார்ட்டில் நிப்பாட்டி, மெல்லிய குழாய் மூலம் சிறுநீர் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி பிடிபட்டது. அது சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்தது. ஊசி மருந்து ஏற்றி, ஸ்கேன் எடுத்து, பிள்ளையைத் தேற்றி அனுப்பினார்கள். இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. இன்னும் கிளினிக்குக்கும் போய் வருகிறது.

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் லயத்துக்குப் போனோம். "ஏம்மா, திரும்பப் போய்க் குடுக்கல?" என்று கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டோம். அந்தத் தாய் சொன்னார்:

"போத்தல குடுத்தாங்கய்யா. எப்படிப் புடிக்கிறதுன்னு யாருமே சொல்லித் தரலீங்களே. நீங்களுந்தான் சொல்லல."

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. வாகனம் பேசினோம், துண்டு எழுதிக் கொடுத்தோம், "சுணங்காமப் போயிட்டு வாங்க" என்றோம். பிடிக்கும் முறையை மட்டும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அது எங்களுக்கே தெரியாது. அதன் பிறகு மிட்வைப் மிஸ்ஸிடமும் ஆஸ்பத்திரித் தாதிமாரிடமும் கேட்டுப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சிறுநீரை ஏன் பார்க்கிறார்கள்?

நம் முதுகின் இரு பக்கமும் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவை இரத்தத்தை வடிகட்டி, கழிவை நீராக்கி, இரண்டு மெல்லிய குழாய் வழியாகக் கீழே உள்ள சிறுநீர்ப் பைக்கு அனுப்புகின்றன. பீலித் தண்ணீர் மேலிருந்து கீழே வருவது போலத்தான். ஆனால் சில வேளை கிருமி கீழிருந்து மேலே ஏறிவிடும். பெரும்பாலும் அது நம் மலக் குடலில் இருக்கும் கிருமிதான். சிறுநீர்ப் பையோடு நின்றால் எரிச்சலும் கடுப்பும் வரும். சிறுநீரகத்துக்கு ஏறினால் கடுங்காய்ச்சல் வரும். சின்னப் பிள்ளையின் சிறுநீரகம் இளசு. திரும்பத் திரும்பக் கிருமி ஏறினால், அல்லது மருந்து சுணங்கினால், அதில் தழும்பு விழலாம். அந்தத் தழும்பு ஆறாது. வளர்ந்த பிறகு சிலருக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் வர அது வழி செய்யும்.

காய்ச்சலோடு வரும் 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 100 பேரைச் சோதித்தால், சுமார் 7 பேருக்குச் சிறுநீரில் கிருமி இருக்கும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எனவே இது எங்கேயோ ஒருவருக்கு வரும் வியாதி அல்ல.

பெரியவர்களுக்கு என்றால் "எரியுது, கடுக்குது" என்று சொல்வார்கள். கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

- சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருப்பது
- பால் குடிக்க மறுப்பது, வாந்தி எடுப்பது
- காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருப்பது, அல்லது சோர்ந்து கிடப்பது
- எடை கூடாமல் நிற்பது
- மூத்திரம் போகும்போது அழுவது, நாற்றம் அல்லது நிறம் மாறுவது
- நன்றாகப் பழகிய பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைப்பது

பல் முளைக்கும்போது பிள்ளை சிணுங்கும், எச்சில் வடிக்கும். ஆனால் கடுங்காய்ச்சல் பல்லால் வருவதில்லை. "பல்லுக் காச்சல்" என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். கோயிலில் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. கட்டிவிட்டு, அதே நாளில் மருந்தகத்துக்கும் வாருங்கள்.

அசுத்தமாகப் பிடித்தால் என்ன நட்டம்?

ஆய்வுகூடத்தில் போத்தலில் உள்ள நீரைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அந்தக் கிருமி பிள்ளையின் உடம்புக்குள்ளே இருந்து வந்ததா, துணியிலிருந்து வந்ததா, நம் கையிலிருந்து வந்ததா என்று போத்தலுக்குத் தெரியாது. இதனால் இரண்டு விதமாகக் கெடுதி வரலாம்.

முதலாவது, இல்லாத வியாதி இருப்பதாகத் தெரியலாம். பிள்ளைக்குத் தேவையில்லாத மருந்து, தேவையில்லாத ஊசி, தேவையில்லாத ஸ்கேன். இரண்டாவது, இருக்கிற வியாதி மறைந்து போகலாம். பல கிருமிகள் கலந்துவிட்டால் எது குற்றவாளி என்று பிடிக்க முடியாது. அந்த மேல் டிவிசன் பிள்ளைக்கு நடந்தது இதுதான்.

எப்போது, எங்கே பிடிப்பது?

கிருமியைக் கொல்லும் மருந்து, அதாவது அன்டிபயோட்டிக், தொடங்குவதற்கு முன்பே சிறுநீரைப் பிடிக்க வேண்டும். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் சோதனையில் கிருமி ஒளிந்துகொள்ளலாம். போன தடவை மிஞ்சிய மருந்தையோ, பக்கத்துக் காம்பராவில் வாங்கிய மருந்தையோ கொடுத்துவிட்டு வந்தால் அதை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். யாரும் ஏச மாட்டார்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பனடோல் இந்தச் சோதனையைக் கெடுக்காது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். 3 மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் போத்தலோடு காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. எந்த வயதுப் பிள்ளையாக இருந்தாலும் வலிப்பு, மூச்சு வாங்குதல், எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், ஓயாத வாந்தி, நாள் முழுக்க மூத்திரமே போகாமை இருந்தால் அதுவும் உடனே ஆஸ்பத்திரிதான். அப்படிப்பட்ட நேரத்தில் டொக்டர் மருந்தை முதலில் ஏற்றச் சொன்னால் தடுக்க வேண்டாம். உயிர்தான் முதல்.

எங்கே பிடிப்பது என்றால், ஆய்வுகூடத்துக்குப் பக்கத்திலேயே பிடிப்பது நல்லது. நம் லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்து, டவுனுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் போகிறது என்று உங்களுக்கே தெரியும். 2 மணித்தியாலத்துக்குள் போத்தலைக் கொடுக்க முடியாதவர்கள் வீட்டில் பிடிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே பிடித்துக் கொடுங்கள். "இங்கேயே பிடிச்சுத் தாறேன், ஒரு இடம் காட்டுங்க" என்று தாதியிடம் தைரியமாகக் கேளுங்கள்.

கைக்குழந்தைக்குப் பிடிக்கும் முறை

இதற்கு இரண்டு பேர் வேண்டும். தாயும் தகப்பனும், அல்லது தாயும் அம்மாயியும். ஒருவர் பிள்ளையைப் பிடிக்க, மற்றவர் போத்தலைப் பிடிக்க வேண்டும்.

1. ஆஸ்பத்திரியில் அல்லது மருந்தகத்தில் தரும் கிருமி நீக்கிய போத்தலை மட்டும் பாவியுங்கள். மூடியை முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டாம்.

2. முதலில் பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் அளவு போதும். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தண்ணீர் புகட்ட வேண்டாம்.

3. உங்கள் கைகளைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கொழுந்துச் சாயம் பிடித்த விரல் இடுக்கையும் தேய்த்துக் கழுவுங்கள்.

4. கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் சுத்தமான துணியை அல்லது பஞ்சை நனைத்து, பிள்ளையின் மறைவிடத்தைத் துடையுங்கள். பெண் பிள்ளைக்கு முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும், பின்னாலிருந்து முன்னால் ஒருபோதும் கூடாது. ஆண் பிள்ளைக்கு முன்தோலைப் பலவந்தமாகப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. வெளியே துடைத்தால் போதும். பிறகு வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள்.

5. பெம்பர்ஸோ கோவணத் துணியோ இல்லாமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் உடம்பைப் போர்த்திவிடுங்கள், நம் ஊர்க் குளிர் தெரிந்ததுதானே. கீழே ஒரு பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

6. இப்போது மூடியைத் திறந்து, உள்பக்கம் மேலே பார்க்க வையுங்கள். போத்தலைத் தயாராகக் கையில் வைத்திருங்கள். கண் பிள்ளை மேலேயே இருக்கட்டும். கதை பேசத் தொடங்கினால் தப்பிவிடும், இது அனுபவத்தில் கண்டது.

7. மூத்திரம் பீறிட்டதும் முதல் சொட்டுகளை விட்டுவிட்டு, பிறகு வருவதைப் போத்தலில் பிடியுங்கள். முதலில் வருவது வாசலைக் கழுவிக்கொண்டு வருவது. அதில் வெளிக் கிருமி இருக்கும். பிள்ளை கொஞ்சம்தான் போகும் என்றால் வருவதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

8. போத்தலின் வாய் பிள்ளையின் தோலில் படக் கூடாது. உங்கள் விரல் போத்தலுக்குள்ளோ மூடிக்குள்ளோ படக் கூடாது.

9. இரண்டு தேக்கரண்டி அளவு, அதாவது சுமார் 10 மில்லிலீற்றர், இருந்தால் நல்லது. அதற்குக் குறைவாக இருந்தாலும் ஊற்றிவிடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். தண்ணீர் கலந்து அளவைக் கூட்ட வேண்டாம்.

10. உடனே மூடியை இறுக்கி மூடுங்கள். பிள்ளையின் பெயர், வயது, பிடித்த நேரம் மூன்றையும் போத்தலில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைக்காம்பராவில் கேளுங்கள்.

இடையில் பிள்ளை மலம் கழித்துவிட்டால் அந்தப் போத்தலைப் பாவிக்க வேண்டாம். வேறு போத்தல் கேட்டு, துடைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள்.

பிள்ளை போகாவிட்டால் என்ன செய்யலாம்?

இங்கேதான் பல தாய்மார் பொறுமையிழந்து துணியைப் பிழிகிறார்கள். நமக்கு உதவக்கூடிய இரண்டு வழிகளை வெளிநாட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதலாவது குளிர்ந்த துணி வழி. அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ன் நகரில் 1 மாதம் முதல் 12 மாதம் வரையான 354 குழந்தைகளிடம் பார்த்த சோதனை இது. 2017ஆம் ஆண்டில் அதன் விபரம் வெளிவந்தது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே, மெதுவாக வட்டமாகத் தேய்த்தார்கள். சும்மா காத்திருந்த குழந்தைகளில் 100க்கு 12 பேர்தான் 5 நிமிடத்துக்குள் மூத்திரம் போனார்கள். தேய்த்த குழந்தைகளில் 100க்கு 31 பேர் போனார்கள். செலவில்லாத வழி. ஒரு சின்னத் துணித் துண்டு போதும், பிள்ளையை முழுவதுமாக நனைக்கத் தேவையில்லை.

இரண்டாவது தட்டும் வழி. இது ஒரு மாதம் நிறையாத பச்சைக் குழந்தைக்கு. 2013இல் ஸ்பெயின் நாட்டு டொக்டர்கள் எழுதியது. குழந்தைக்குப் பால் கொடுத்து 25 நிமிடம் பொறுத்தார்கள். பிறகு ஒருவர் குழந்தையின் இரு அக்குளிலும் கை கொடுத்துக் கால் தொங்கப் பிடிக்க, மற்றவர் அடிவயிற்றில் விரல் நுனியால் அரை நிமிடம் இலேசாகத் தட்டினார். அடுத்து இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும் அரை நிமிடம் மெதுவாக நீவினார். இப்படி மாறி மாறிச் செய்ததில் 80 குழந்தைகளில் 69 பேரிடம் சிறுநீர் பிடிக்க முடிந்தது. இந்த வயதில் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில்தான் இருப்பீர்கள். ஆகவே தாதி பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். சோர்ந்து துவண்ட குழந்தையைத் தூக்கிப் பிடித்துத் தட்ட வேண்டாம்.

எந்த வழியானாலும் அழுத்துவது, பிசைவது கூடாது. பிள்ளைக்கு வலி கொடுத்து எடுக்க வேண்டிய அவசியமில்லை.

நடக்கிற, சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு

இரண்டு மூன்று வயதுப் பிள்ளை சொல்லிவிட்டுப் போகும். ஆகவே வேலை சுலபம். துடைத்துச் சுத்தம் செய்த பிறகு, ஆண் பிள்ளையை நிற்க வைத்தும், பெண் பிள்ளையைக் காலை அகற்றிக் குந்த வைத்தும், முதலில் கொஞ்சம் போகவிட்டு நடுவில் வருவதை நேராகப் போத்தலில் பிடியுங்கள். "கொஞ்சம் நிப்பாட்டு" என்று அதட்டினால் பயந்து நின்றுவிடும். பிள்ளை போய்க்கொண்டிருக்கும்போதே போத்தலை நடுவில் நீட்டி எடுப்பதுதான் தந்திரம். பிள்ளையைச் சட்டியில் உட்கார வைத்துப் பிறகு போத்தலில் ஊற்றுவதை விட, நேராகப் பிடிப்பது எப்போதும் மேல்.

செய்யக் கூடாதவை

- துணியையோ பஞ்சையோ பெம்பர்ஸையோ பிழிந்து எடுக்கக் கூடாது.
- ஜாம் போத்தல், பழைய மருந்துப் போத்தல், பால் போத்தல் எதுவும் கூடாது. கழுவினாலும் பாணியின் மிச்சமும் சவர்க்காரமும் உள்ளே ஒட்டியிருக்கும்.
- துடைக்கும் தண்ணீரில் டெட்டோல் போன்றவற்றைக் கலக்கக் கூடாது. அது போத்தலில் சேர்ந்தால் உண்மையான கிருமியும் செத்துப்போய், "கிருமி இல்லை" என்று பொய் ரிப்போட் வரும்.
- பிடிப்பதற்கு முன் பவுடர், எண்ணெய் பூசக் கூடாது.
- நிலத்தில் போனதை அள்ளி எடுக்கக் கூடாது.
- ஒரு பிள்ளையினதைப் பிடிக்க முடியவில்லை என்று இன்னொரு பிள்ளையினதைக் கொடுக்கக் கூடாது. இதை எழுத வேண்டியிருப்பது எங்களுக்கு வருத்தம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

பையும் குழாயும்

சில இடங்களில் பிள்ளையின் மறைவிடத்தைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் பை தருவார்கள். அது வசதிதான். ஆனால் மூத்திரம் தோலில் பட்டுத்தான் பைக்குள் விழும். ஆகவே பையில் பிடித்தது சுத்தம் என்று வந்தால் நம்பலாம். கிருமி உண்டு என்று வந்தால் வேறு முறையில் திரும்ப எடுத்து உறுதி செய்யச் சொல்வார்கள். "ஒரு தடவை குடுத்தாச்சே, ஏன் மறுபடியும்?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். காரணம் இதுதான்.

பிள்ளை கடுமையாகச் சுகமில்லாமல் இருந்தால் ஆஸ்பத்திரியில் மெல்லிய குழாயை விட்டு எடுப்பார்கள். "குழாய் விட்டா பிள்ளைக்குப் பின்னால கெடுதி வருமாமே?" என்று எங்களிடம் கேட்டார்கள். அப்படிப் பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரம் வலிக்கும், பிள்ளை அழும். எடுத்தவுடன் குழாயைக் கழற்றிவிடுவார்கள். சுத்தமான சிறுநீர் கிடைக்கும், மருந்தும் சுணங்காமல் தொடங்கும். பக்கத்தில் நின்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போத்தலைக் கொண்டுபோவது

பிடித்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. உடம்புச் சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒரு மணித்தியாலத்தில் எட்டாகும். 4 மணித்தியாலத்தில் அந்த ஒன்றே 4,000த்தைத் தாண்டிவிடும். வெளியிலிருந்து தவறி விழுந்த ஓரிரு கிருமியும் இப்படிப் பெருகிப் பெரிய வியாதி போலக் காட்டும்.

"நம்ம ஊர் குளிருதானே, கெடாது" என்று எண்ண வேண்டாம். போத்தலை மடியில் கட்டிக்கொண்டோ சட்டைப் பையில் வைத்துக்கொண்டோ நெருக்கமான பஸ்ஸில் போகிறோம். அது அடுப்பங்கரையில் வைத்தது போலத்தான். 2 மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். சுணங்கும் என்றால் பிரிஜ்ஜில் வைக்க வேண்டும். ஐஸ் கட்டும் மேல் தட்டில் அல்ல, கீழ்த் தட்டில். அப்படி வைத்தாலும் 24 மணித்தியாலத்துக்கு மேல் ஆகக் கூடாது. போகும் வழியிலும் குளிர் விடக் கூடாது. ஒரு பையில் ஐஸ் போட்டு, போத்தலை இன்னொரு பையில் கட்டி, இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

ரிப்போட்டைக் கட்டாயம் எடுங்கள்

சாதாரணமாக இரண்டு சோதனை எழுதுவார்கள். ஒன்று "யூரின் ஃபுல் ரிப்போட்". இது பெரும்பாலும் அன்றைக்கே கிடைக்கும். இன்னொன்று "கல்ச்சர்". அதாவது கிருமியை வளர்த்து, அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பது. பயிர் முளைக்க நாள் எடுப்பது போல இதற்கு 2, 3 நாள் எடுக்கும்.

காய்ச்சல் விட்டதும் ரிப்போட் எடுக்கப் போகாமல் விடுவது நம் தோட்டங்களில் நாங்கள் அடிக்கடி காணும் தவறு. கொடுத்த மருந்து அந்தக் கிருமிக்குப் பொருந்தாது என்று ரிப்போட்டில் இருந்தால், அதைப் பார்க்க ஆளில்லாமல் அது அங்கேயே கிடக்கும். மருந்தும் அப்படித்தான். காய்ச்சல் விட்டாலும் சொன்ன நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அதையும் விடக் கூடாது. ரிப்போட்டைக் கிளினிக் புத்தகத்துக்குள் பத்திரமாக வையுங்கள். அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் அந்தத் தாள்தான் முதலில் பேசும்.

"பேர் போகுதே ஐயா"

உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். போத்தல் கொடுக்க ஒரு நாள், ரிப்போட் எடுக்க ஒரு நாள், கிளினிக்குக்கு ஒரு நாள் என்றால் மாதச் சம்பளத்தில் துண்டு விழும். அதனால்தான் முதல் தடவையே சரியாகப் பிடியுங்கள் என்று இவ்வளவு நீட்டி எழுதுகிறோம். சரியாகப் பிடித்த ஒரு போத்தல் இரண்டு பேரை மிச்சப்படுத்தும்.

அந்தத் தாய் சொன்ன சொல்லுக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் மூன்று காரியம் செய்து வருகிறோம். துண்டு எழுதிக் கொடுக்கும்போதே பிடிக்கும் முறையைச் சொல்லி, தாயைத் திரும்பச் சொல்லச் சொல்கிறோம். பிள்ளைக்காம்பராவில் பொறுப்பான சகோதரிகளுக்குச் செய்து காட்டியிருக்கிறோம். ரிப்போட் எடுக்க ஒரே நாளில் இரண்டு மூன்று குடும்பத்துக்குத் தேவை என்றால், தாயின் சம்மதத்தோடும் துண்டோடும் ஒருவரையே அனுப்பி எடுப்பிக்கிறோம். மற்றத் தோட்டங்களிலும் உங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. போத்தல் பிடிப்பது பொம்பளை வேலை என்று இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்க வேண்டாம். இரண்டு கை பிள்ளையைப் பிடிக்கவே சரியாகிவிடும். மூன்றாவது கை உங்களுடையதுதான்.

படித்ததைச் சரிபார்ப்போம்

வீட்டில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பதில் சொல்லுங்கள். விடை எல்லாம் மேலேயே இருக்கின்றது.

1. எந்த வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் காத்திருக்கவே கூடாது?
2. அன்டிபயோட்டிக் கொடுப்பதற்கு முன் ஏன் சிறுநீர் பிடிக்க வேண்டும்?
3. பெண் பிள்ளையை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் துடைக்க வேண்டும்?
4. முதல் சொட்டுகளை ஏன் விட்டுவிடுகிறோம்?
5. துணியைப் பிழிந்து கொடுத்தால் என்ன நடக்கும்?
6. ஆய்வுகூடம் தூரம் என்றால் எங்கே பிடிப்பது நல்லது?
7. காய்ச்சல் விட்ட பிறகும் ரிப்போட்டை ஏன் எடுக்க வேண்டும்?

ஏழுக்கும் விடை சொன்னவர்கள் பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாத தாய் இருந்தால் கொழுந்து மடுவத்தில் நிறுவைக்குக் காத்திருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். இனி நம் தோட்டத்தில் எந்தத் தாயும், "போத்தல குடுத்தாங்க, எப்படிப் புடிக்கிறதுன்னு யாரும் சொல்லித் தரல" என்று சொல்லும்படி ஆகக் கூடாது. நாங்கள் சொல்லிவிட்டோம். நீங்களும் சொல்லுங்கள்.